மணிக்கு எத்தனை என்று கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கோவை கணபதியில் பிறந்து வளர்ந்தவன். 20 வருடங்களுக்கு மேலாக அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில் சின்சினாட்டிக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில் குடியிருக்கிறேன். தங்கள் நாளிதழைக் காலைக் காப்பியோடு கைபேசியில் படித்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன். சில வாரங்களுக்கு முன் ஞாயிறு இணைப்பில் அமெரிக்கர்களின் துப்பாக்கிப் பழக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் நடுவில் ஒரு பத்தி. சில நூறு டாலர் கொடுத்து ஒரு இயந்திரம் வாங்கினால் போதும், சமையலறை மேசையிலேயே மணிக்கு நூற்றுக்கணக்கில் தோட்டா தயாரித்துக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. அந்த ஒரு பத்திக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கட்டுரை வந்த மூன்றாம் நாள் டாலஸிலிருந்து என் தங்கை மகன் போன் செய்தான். கணினி வேலை, கல்யாணம் ஆகி இரண்டு வருடம். அலுவலக நண்பர்களோடு துப்பாக்கி சுடும் திடலுக்குப் போய்ப் பழகியிருக்கிறான். "மாமா, பேப்பர்ல பார்த்தீங்களா? நீங்க இதைத்தானே பண்றீங்க? எந்த மெஷின் வேகமா போடுமுங்க? மணிக்கு எத்தனை வரும்?" என்றான். மேசை தயாராம், சமையலறையை ஒட்டிய சாப்பாட்டு மேசை. மெஷின் மட்டும்தான் பாக்கியாம். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது அமெரிக்காவில் நடக்கிற விஷயம். இங்கே மத்திய அரசின் சட்டப்படி, சொந்த உபயோகத்துக்குத் தோட்டா மறுபடி நிரப்பிக்கொள்ள உரிமம் தேவையில்லை. செய்து விற்பதென்றால் உரிமம் வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் கூடுதல் விதிகள் உண்டு. நம் நாட்டில் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதே குற்றம். ஆகவே ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள் ஒரு தொழிலைத் தெரிந்துகொள்வதாக எண்ணிப் படித்தால் போதும்.

விஷயம் புரிய, தோட்டா என்றால் என்ன என்று பார்க்க வேண்டும். நான்கு பொருள்கள்தான். பித்தளைக் கூடு, அதன் அடியில் பதிந்திருக்கும் பிரைமர் (நம்ம ஊர் நாட்டுத் துப்பாக்கிக்காரர்கள் கேப்பு என்பார்களே, அந்த வேலையைச் செய்வது), உள்ளே வெடிமருந்து (நாங்கள் சொல்வது வெறும் மருந்து), வாயில் செருகிய குண்டு. சுட்டதும் பிரைமரும் மருந்தும் தீர்ந்துபோகும், குண்டு பறந்துவிடும். கூடு மட்டும் மிஞ்சும். நான்கிலும் விலை அதிகமானது பெரும்பாலும் அந்தக் கூடுதான். சுட்ட வேகத்தில் அது துப்பாக்கியின் அறை அளவுக்கு வீங்கியிருக்கும். அதை டை என்கிற எஃகு அச்சில் அழுத்தி ஏற்றினால் பழைய அளவுக்கு வரும், வெந்த பிரைமரும் அப்போதே கழன்று விழும். புது பிரைமர் வைத்து, மருந்து அளந்து போட்டு, குண்டைச் செருகினால் மறுபடி தோட்டா. இதற்குப் பெயர் ரீலோடிங். கூட்டை டையில் ஏற்றி இறக்குகிற கைப்பிடி போட்ட கருவிதான் பிரஸ்.

பிரஸ், டை என்ற வார்த்தைகளைக் கேட்டதும் கோவைக்காரர்களுக்குக் காது நிமிரும். என் அப்பா மோட்டார் ஸ்டாம்பிங் பட்டறை வைத்திருந்தார். பவர் பிரஸ் சத்தத்தில்தான் நான் பாடம் படித்தேன். C பிரேம் பிரஸ்ஸில் அழுத்தம் ஏறும்போது அதன் வாய் மயிரிழை விரியும், அந்த மயிரிழையில் டை சாய்ந்து ஒரு பக்கம் பிசிறு வரும் என்று அப்பா விரலை வைத்துக் காட்டியிருக்கிறார். 30 வருடம் கழித்து ஒஹாயோவில் ஒரு நிலவறையில் அதே பாடத்தை மறுபடி கேட்டேன்.

சொல்லித் தந்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். மில்லிங் மெஷினில் 35 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் தடவை அவர் தன் கருவிப் பெட்டியைத் திறந்தபோது கற்பூர வாசனை வந்தது. எனக்கு ஒரு நிமிடம் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை, மருதமலைக்குப் போய்விட்டேன். இங்கே பழைய மெஷின் ஆட்கள் கருவி துருப்பிடிக்காமல் இருக்க இழுப்பறையில் ஒரு கட்டி கற்பூரம் போட்டு வைப்பார்களாம். இன்று என் டைகள் இருக்கும் இழுப்பறையிலும் ஒரு கட்டி உண்டு. கருவி இருக்கும் இடத்தில் மட்டும்தான், மருந்து இருக்கும் பக்கம் கொண்டுபோவதில்லை.

ஆனால் அவரிடம் போவதற்கு முன்பே நான் ஒரு தப்பைச் செய்துவிட்டேன். அதைத்தான் தங்கை மகனிடமும் சொன்னேன், இங்கும் எழுதுகிறேன்.

நான் வாங்கிய முதல் பிரஸ் புரோகிரசிவ் வகை. பயன்படுத்தியது, ஒருவரிடம் மலிவாகக் கிடைத்தது. இந்த வகையில் ஒரு வட்டத் தட்டில் நாலைந்து கூடுகள் ஒரே நேரத்தில் நிற்கும். ஒவ்வொன்றும் வெவ்வேறு நிலையில் இருக்கும். ஒன்று அளவுக்கு வந்துகொண்டிருக்கும், ஒன்றில் மருந்து விழும், ஒன்றில் குண்டு ஏறும். கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் ஒரு முழுத் தோட்டா வெளியே வந்து விழும். பட்டறைக்காரன் பையன் என்ற நினைப்பில், புத்தகத்தை ஒருமுறை புரட்டிவிட்டு .38 ஸ்பெஷல் ரிவால்வர் தோட்டா போட உட்கார்ந்தேன். இந்தத் தோட்டா 1890-களின் கடைசியில் வந்தது, கரிமருந்துக்காகவே அளவெடுத்த பெரிய கூடு. இன்றைய மருந்தில் சிட்டிகை போதும், கூட்டில் முக்கால்வாசி காலியாகக் கிடக்கும். ஒரு மடங்கு விழுந்தாலும் இரண்டு மடங்கு விழுந்தாலும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. புத்தகத்தில் இருந்தது, நான்தான் படிக்கவில்லை.

இருநூறு தோட்டா போட்டேன். நடுவில் ஒரு பிரைமர் சிக்கியது. தட்டைக் கையால் முன்னே பின்னே நகர்த்திச் சரிசெய்தேன். அதே நேரம் ஊரிலிருந்து போன் வந்தது. பேசிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து இழுத்தேன். விட்ட இடம் எது என்று எனக்கே தெரியாது என்பது அப்போது உறைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை திடலுக்குப் போனேன். பெரியவரும் வந்திருந்தார், பக்கத்து மேடையில். ஏழாவதோ எட்டாவதோ சுடும்போது "படார்" என்று வர வேண்டிய இடத்தில் "பட்" என்று ஒரு சத்தம். கையில் உதை இல்லை. சரி, தோட்டா சொத்தை போல என்று நினைத்து அடுத்ததைச் சுட விரலை வைத்துவிட்டேன். பெரியவர் என் முன்கையைப் பிடித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. துப்பாக்கியை முன்பக்கம் காட்டியபடியே வைத்து, தோட்டாவை எல்லாம் கழற்ற வைத்து, குழல் வழியே விளக்கடித்துக் காட்டினார். வெளிச்சம் மறுபக்கம் வரவில்லை. மருந்தே விழாத தோட்டா அது. பிரைமரின் வேகத்தில் மட்டும் குண்டு கொஞ்ச தூரம் போய்க் குழலுக்குள் அடைத்து நின்றிருந்தது. அதன் பின்னால் இன்னொன்று சுட்டிருந்தால் குழல் வீங்கியிருக்கும், வெடித்தும் இருக்கலாம். என் கை போயிருக்கலாம், அவர் முகமும் அங்கேதான் இருந்தது.

பித்தளைக் கம்பியும் மரச் சுத்தியலும் வைத்து அந்தக் குண்டை அவர்தான் தட்டி எடுத்தார். அது மரப் பலகையில் விழுந்த சத்தம் இப்போதும் நினைவிருக்கிறது. மிச்சம் இருந்த 190-க்கு மேற்பட்ட தோட்டாக்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, குண்டு பிடுங்கும் சுத்தியல் ஒன்று உண்டு, அதில் ஒவ்வொன்றாகப் போட்டுத் தட்டிப் பிரித்தோம். மூன்று மாலை ஆனது. இரண்டாம் நாள் ஒன்றைப் பிரித்தபோது தட்டில் கொட்டிய மருந்து கூடுதலாகத் தெரிந்தது. நிறுத்துப் பார்த்தால் சரியாக இரண்டு மடங்கு. அதுவும் அதே பெட்டியில்தான் இருந்தது, அடுத்த வாரம் சுட்டிருப்பேன்.

இதில் பிரஸ் மேல் எந்தக் குறையும் இல்லை. புரோகிரசிவ் பிரஸ் மோசமானது என்று சொல்ல வரவில்லை. வாரம் ஐநூறு, ஆயிரம் சுடுகிற கைத்துப்பாக்கிப் போட்டியாளர்களுக்கு அதைவிட்டால் வழியில்லை. அரிசோனாவின் டில்லன், நெப்ராஸ்காவின் ஹார்னடி போன்ற கம்பெனிகள் அந்த வகையில் அருமையான பிரஸ் செய்கின்றன. மருந்து விழவில்லை என்றால் கத்துகிற கருவிகூட மாட்டிக்கொள்ளலாம். என் வாதம் வேறு. நம்ம பட்டறைக் கணக்கில் சொன்னால், ஒரு நேரத்தில் ஒரே வேலை செய்கிற சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் சாதாரண லேத் மாதிரி, தலை சுற்றுகிற டரட் பிரஸ் டரட் லேத்தேதான், புரோகிரசிவ் பிரஸ் தானாக ஓடுகிற டிராப் ஆட்டோமேட் லேத் மாதிரி. லேத்தில் ஒரு போல்ட் கடைந்து பார்க்காத பையனை எந்த முதலாளி டிராப் மெஷினில் நிறுத்துவார்? அங்கே கெட்டுப்போனால் ஒரு வாளி போல்ட். இங்கே கெட்டுப்போவது கையும் கண்ணும்.

அதற்குப் பிறகு பெரியவர் என்னைத் தன் நிலவறைக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தது ஒரு பச்சைப் பெயின்ட் அடித்த, கைப்பிடி தேய்ந்த ராக் சக்கர் பிரஸ் முன்னால். ஆர்சிபிஎஸ் என்ற கம்பெனியின் தயாரிப்பு. 1943-இல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் என்ற ஊரில் பிரெட் ஹன்டிங்டன் என்பவர் தொடங்கியது. ராக் சக் என்பது மேற்கு மலைகளில் பாறை இடுக்கில் வாழும், கீரியைவிடப் பருத்த ஒரு பிராணி. அதைச் சுடுவதற்கான குண்டைச் செய்கிற டையிலிருந்துதான் கம்பெனியின் பெயரே வந்தது. பிரஸ் முழுக்க வார்ப்பிரும்பு, O வடிவச் சட்டம். சுற்றிலும் மூடிய சட்டம் என்பதால் வாய் விரிகிற பேச்சே இல்லை. அப்பா இருந்தால் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டியிருப்பார்.

சிங்கிள் ஸ்டேஜில் ஒரு நேரத்தில் ஒரு டை, ஒரு கூடு, ஒரு வேலை. 50 கூட்டை ஒரு மரக்கட்டையின் குழிகளில் நிறுத்திவைத்து, ஐம்பதுக்கும் அளவு சரிசெய்து முடித்துவிட்டுத்தான் டையை மாற்ற வேண்டும். மருந்து போட்டதும் ஐம்பதையும் வரிசையாக நிற்கவைத்து, டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பார்க்க வேண்டும். ஒரே மட்டத்தில் ஐம்பது கிணறு தெரியும். ஒன்று ஆழமாகவோ மேடாகவோ இருந்தால் கண்ணுக்குத் தப்பாது. அந்தப் பார்வை முடியாமல் ஒரு குண்டையும் செருகுவதில்லை. ஐம்பது தோட்டாவுக்கு எனக்கு ஒரு மாலை, இரண்டு மணி நேரம் ஆகும். தங்கை மகன் கேட்ட கேள்விக்கு விடை அதுதான்: மணிக்கு இருபத்தைந்து.

நான் இப்போது பெரும்பாலும் நிரப்புவது எம்-1 கேரண்ட் என்ற பழைய ராணுவத் துப்பாக்கிக்கு. ஜான் கேரண்ட் வடிவமைத்து, 1936-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது. குடியுரிமை வாங்கிய பிறகு, குடிமக்களுக்குக் குறிபார்க்கப் பயிற்சி தரும் அமைப்பின் மூலம் வாங்கினேன். எங்கள் மாநிலத்திலேயே, ஈரி ஏரிக்கரையில் கேம்ப் பெரி இருக்கிறது. 1907 முதல் தேசியப் போட்டிகள் நடக்கிற இடம். வருடத்துக்கு ஒருமுறை போய்ப் புல்லில் படுத்து 200 கஜத்தில் சுட்டுவிட்டு வருவது எனக்குத் திருவிழா மாதிரி.

இந்தத் துப்பாக்கிக்கு ஒரு குணம் உண்டு. தோட்டா அறைக்குள் ஏறும்போது சுடும் ஊசி தானாகவே முன்னால் வந்து பிரைமரை லேசாகத் தொடும். பிரைமர் கூட்டின் அடிமட்டத்தைவிடத் துருத்திக்கொண்டிருந்தால், விசையைத் தொடாமலே வெடித்துவிடலாம். அதனால் ஒவ்வொரு பிரைமரையும் கையால் அழுத்தும் கருவியில்தான் வைக்கிறேன். வைத்ததும் ஆள்காட்டி விரல் நுனியால் தடவிப் பார்ப்பேன். சட்டைப் பொத்தானின் குழிபோல விரலுக்கு ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்பட வேண்டும். மேடாக, ஏன் சமமாக இருந்தால்கூட அந்தக் கூடு தனி டப்பாவுக்குப் போய்விடும். கூட்டின் அடிப்பக்கம், விளிம்புக்குக் கொஞ்சம் மேலே, பளபளவென்று ஒரு வளையம் தெரிகிறதா என்றும் திருப்பிப் பார்க்க வேண்டும். அது பித்தளை உள்ளே மெலிந்துவிட்டதற்கான அடையாளம். சந்தேகம் வந்தால் நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு மேலே இழுத்தால், மெலிந்த இடத்தில் கம்பி தடுக்கும். அந்தக் கூடு அடுத்த தடவை துப்பாக்கிக்குள்ளேயே இரண்டாகப் பிரியலாம். கேரண்ட் கூடுகளை நான் நான்கு தடவைக்கு மேல் வைத்துக்கொள்வதே இல்லை. வேகமாக ஓடுகிற பிரஸ்ஸில் ஒரு கூட்டோடு இத்தனை நேரம் பேச முடியாது.

சரி, எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு. ராக் சக்கர் வாங்கினால் உங்கள் பேரன்வரை வரும். விஸ்கான்சின் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டில் உள்ள லீ கம்பெனியின் கிளாசிக் காஸ்ட் விலை குறைவு, வார்ப்பிரும்புதான், O சட்டம்தான். அதில் எனக்குப் பிடித்தது, வெந்த பிரைமர் ராம் (கூட்டை ஏந்தி மேலே ஏறுகிற தண்டு) நடுவே உள்ள துளை வழியாகக் குழாயில் இறங்கிக் கீழே டப்பாவில் விழுவது. தரையெல்லாம் சிதறாது, அந்தக் கரியில் ஈயம் இருப்பதால் இது சின்ன விஷயம் இல்லை. இல்லினாய்ஸிலிருந்து வரும் ஃபார்ஸ்டர் கோ-ஆக்ஸில் டையைத் திருகவே வேண்டாம், பக்கவாட்டில் நழுவவிட்டால் போதும். விலை கூட. மாதம் இருநூறு கைத்துப்பாக்கித் தோட்டா வேண்டும், சிங்கிள் ஸ்டேஜில் பொறுமை இல்லை என்பவர்கள் டரட்டுக்குப் போகலாம். லீயில் டை மாட்ட நான்கு துளை, நியூயார்க் மாநிலத்து ரெடிங் டி-7-இல் ஏழு துளை. கூடு அப்படியே நிற்கும், தலைதான் சுற்றும். எந்த நேரத்திலும் மெஷினில் ஒரே ஒரு கூடு என்பதால் எங்கே விட்டோம் என்ற குழப்பம் குறைவு. வேகம் வேண்டுமென்றே அழுகிறவர்கள், சிங்கிள் ஸ்டேஜில் ஆயிரம் தோட்டா போட்டு முடித்துவிட்டு அடுத்ததைப் பற்றி யோசிக்கட்டும். டை வீணாகாது. பெரும்பாலான டைகளுக்கு 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 மரை என்ற ஒரே அளவுதான். ஒரு கம்பெனி டை இன்னொரு கம்பெனி பிரஸ்ஸில் மாட்டும். தனி டை கேட்கிற மாடல் ஒன்றிரண்டுதான்.

பழைய வார்ப்பிரும்பு பிரஸ்ஸை வாங்கத் தயங்க வேண்டாம். ராமை உச்சிக்கு ஏற்றி, கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் விட்டுவிடுங்கள். மேலே துரு இருந்தால் பரவாயில்லை, ராமில் துரு இருக்கக் கூடாது.

பிரஸ்ஸைவிட நான் அதிகம் பாடுபட்டது பெஞ்சுக்குத்தான். முதலில் ஒரு பழைய கதவை இரண்டு அலமாரி மேல் போட்டு ஒப்பேற்றினேன். கைப்பிடியை இழுக்கும்போதெல்லாம் மொத்தமும் ஊஞ்சலாடியது, தராசு முள் நிற்கவே இல்லை. பெரியவர் வந்து பார்த்தார். என்னைச் சுவரோரம் நிற்கவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்குக் கொஞ்சம் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டார். அதுதான் பெஞ்ச் உயரம் என்றார். அவரவர் உடம்புக்குத்தான் உயரம், கடையில் சொல்கிற அளவு யாருக்கோ எடுத்தது. நான்கங்குலச் சதுரக் கால்கள், மேலே முக்கால் அங்குல பிளைவுட் இரண்டு அடுக்கு, நடுவே பசை தடவி ஸ்குரூ. இங்கே மரச் சட்டச் சுவர்கள், 16 அங்குலத்துக்கு ஒரு கட்டை நிற்கும். அந்தக் கட்டைகளைத் தட்டிக் கண்டுபிடித்து, பெஞ்சைத் தடித்த போல்ட் போட்டுச் சுவரோடு பிடித்தோம். பிரஸ் பெஞ்சின் நடுவில் நிற்கக் கூடாது, ஒரு காலின் நேர் மேலே, விளிம்பை ஒட்டி நிற்க வேண்டும். ராமும் கைப்பிடியும் கீழே இறங்க இடம் வேண்டுமே. இழுக்கிற பலம் முழுக்க அந்தக் கால் வழியாகத் தரைக்குப் போய்விடும். இன்று அந்தப் பெஞ்சில் முழு பலத்தோடு இழுத்தாலும் மறு ஓரத்தில் டம்ளர் தண்ணீரில் வட்டம் வராது. (சோதனைக்கு வைத்த டம்ளர்தான். குடிக்கவோ தின்னவோ எதையும் அங்கே கொண்டுபோவதில்லை.)

தராசுக்குத் தனிப் பலகை வேண்டும். இங்கே மருந்தை நிறுப்பது கிரெய்ன் கணக்கில், ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். நம்ம தட்டார் குன்றிமணியில் ஏறக்குறைய பாதி எடை. அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை பார்க்க வேண்டும். என் தராசு ஒரு குளிர்காலம் முழுக்க ஏமாற்றியது. காலையில் நிறுத்ததும் மாலையில் நிறுத்ததும் ஒத்துவரவில்லை. கடைசியில் பார்த்தால் கூரையில் ஹீட்டர் காற்று வருகிற துவாரம் நேர் மேலே. இப்போது சுற்றிலும் அட்டைத் தடுப்பு, ஒவ்வொரு தடவையும் எடை தெரிந்த படிக்கல்லை வைத்துச் சரிபார்த்த பிறகுதான் வேலை. எவ்வளவு மருந்து என்பதற்கு மருந்து, குண்டுக் கம்பெனிகளின் அச்சிட்ட கையேடு மட்டும்தான். நண்பர் சொன்னார், வீடியோவில் பார்த்தேன் என்ற பேச்சே கூடாது.

பெஞ்ச் மேல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பா. இதை நான் சாமி கும்பிடுவதுபோல் கடைப்பிடிக்கிறேன். பார்க்கப் பல மருந்தும் ஒன்றுபோலத்தான் இருக்கும், எரிகிற வேகம் மலைக்கும் மடுவுக்கும். வேலை முடிந்ததும் மிச்சத்தை அதே டப்பாவில் கொட்டி மூடி அலமாரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும், அளக்கும் கருவியில் இரவு தங்கவிடக் கூடாது. இங்கே பல இடங்களில் பின்பற்றும் தீத்தடுப்பு விதி, வீட்டில் 20 பவுண்டு வரை இன்றைய புகையற்ற மருந்தை அதன் சொந்த டப்பாவிலேயே வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் 50 பவுண்டு வரை என்றால் ஓரங்குலப் பலகையில் செய்த மரப்பெட்டி வேண்டும், பிரைமர் 10,000 வரை என்று சொல்கிறது. நான் இதில் கால்வாசியைக்கூடத் தொட்டதில்லை. கராஜில் வைக்காதீர்கள், டெக்ஸாஸ் வெயிலில் மருந்து கெட்டுப்போகும். புளித்த காட்டமான வாடையோ செம்புகையோ வந்தால் அது கெட்ட மருந்து. தரையில் கார்பெட் வேண்டாம், சிந்திய பிரைமர் அதில் மறைந்துகொள்ளும். சிந்திய மருந்தை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சவே கூடாது. துடைப்பமும் முறமும் போதும், நான் ஊரிலிருந்து கொண்டுவந்த முறம் அங்கேதான் மாட்டியிருக்கிறது.

இனி அந்தச் சமையலறை மேசை. ஐயா, இதுதான் என்னை மிகவும் வருத்தியது. பிரைமரில் ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்ட கூட்டின் உள்ளே படிந்த கரியில் அது இருக்கும். கூடுகளை உலர்பொடியில் உருட்டிச் சுத்தம் செய்யும்போது கிளம்புகிற தூசியில் இருக்கும். குழந்தைகளுக்கு இதில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. என் மகள் தவழ்கிற வயதில் இருந்தபோது என் மனைவி ஒரே நிபந்தனை போட்டாள்: நிலவறைச் சட்டை மாடிக்கு வரக் கூடாது. இன்றுவரை கீழேயே ஒரு ஆணியில் அந்தச் சட்டை தொங்குகிறது. உலர்பொடியை விட்டுவிட்டு, தண்ணீரில் எஃகு ஊசி போட்டு உருட்டுவதற்கு மாறினேன், தூசியே கிளம்பாது. கையுறை, மேலே வருமுன் சோப்பு போட்டுக் கை கழுவுவது, வருடம் ஒருமுறை ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பரிசோதனை. நிலவறைக் கதவுக்குப் பூட்டு. அந்தச் சாவி என்னிடமும் மனைவியிடமும் மட்டும்.

பணம் மிச்சமாகுமா என்றும் கேட்கிறார்கள். கடையில் மலிவாகக் கிடைக்கிற 9 எம்எம் தோட்டாவுக்காக இதில் இறங்கினால் பெரிதாக மிச்சமாகாது. ஆயிரம் 30, 35 டாலருக்கு நான் வாங்கிய பிரைமர், கொரோனா காலத் தட்டுப்பாட்டில் 100 டாலர் கொடுத்தும் கிடைக்கவில்லை. என் கேரண்டுக்கு ஏற்றபடி, குறி மாறாமல் போகிற தோட்டா வேண்டும் என்பதற்காகத்தான் செய்கிறேன்.

பெரியவர் இரண்டு வருடத்துக்கு முன் காலமானார். அவர் மகன் அந்தப் பச்சை ராக் சக்கரை என்னிடம் கொடுத்தார். கூடவே 40 வருட நோட்டுப் புத்தகங்கள். தேதி, கூடு எத்தனையாவது தடவை, மருந்தின் பெயர், டப்பாவின் லாட் எண், அன்றைய வெயில்வரை எழுதியிருக்கிறார். அலமாரியின் அடியில் பெயர்ச் சீட்டு உரிந்துபோன இரண்டு டப்பா மருந்து இருந்தது. அவர் கையால் மூடியதுதான், இருந்தாலும் பெயர் இல்லாத மருந்தைத் தொடக் கூடாது என்று அவரே சொல்லியிருக்கிறார். தீயணைப்பு நிலையத்தில் கேட்டு அவர்களிடம் ஒப்படைத்தேன்.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அந்தக் கட்டுரையில் எண் தப்பில்லை, மணிக்கு நூற்றுக்கணக்கில் போடும் மெஷின் இருப்பது உண்மை. ஆனால் அமெரிக்காவில் தங்கள் நாளிதழைப் படிக்கிற நம்ம பிள்ளைகள் ஏராளம், அவர்களில் இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். சமையலறை மேசை வேண்டாம், முதல் பிரஸ் சிங்கிள் ஸ்டேஜாக இருக்கட்டும், பழகியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும் என்று மூன்று வரியாவது அடுத்த ஞாயிறு இணைப்பில் போட்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தங்கை மகன் டிசம்பர் விடுமுறைக்குக் குடும்பத்தோடு இங்கே வருகிறான். மெஷின் எதையும் வாங்காமல் வா என்று சொல்லிவிட்டேன். பெஞ்சின் இடது ஓரத்தில், காலுக்கு நேர் மேலே, இரண்டாவது பிரஸ் மாட்ட மூன்று துளை போட்டு வைத்திருக்கிறேன். உயரம் அவனுக்குச் சரிவருமா என்று வந்ததும் சுவரோரம் நிற்கவைத்துப் பார்க்க வேண்டும். என்னைவிட நான்கங்குலம் உயரம் அவன். அடியில் பலகை கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கணபதியில் பிறந்த ஒரு வாசகர்,
ஒஹாயோ, அமெரிக்கா